மைக்கில் நான் சொன்ன காரணம்

தம்பி,

நேற்றுக் காலை கரண்ட் போகவில்லை. மெயினை அணைத்தது நான்தான். நீ மாடி அறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாய். நான் கீழே அரிசி களைந்துகொண்டிருந்தேன். ரேடியோவில் கடலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், நல்ல மனிதர்தான், "உங்க பக்கம் ரோட்டுக்கு நிலம் எடுக்கறாங்களாமே, நீங்க இன்னா சொல்றீங்க தம்பி?" என்று கேட்டார். நீ சொல்ல ஆரம்பித்தாய். முதலில் நிலத்தைப் பற்றிப் பேசினாய். பிறகு அதை எடுக்கிறவர்களைப் பற்றி. அப்புறம் யாருடைய நிலம் தப்பித்தது, யாருடையது போனது என்று பெயர் சொல்லப் போனாய். நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயர்கள் உன் வாயிலிருந்து வருவதற்குள், ஈரக் கையோடு ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டேன். நீ படியிறங்கி வந்து, "இன்னாம்மா, நம்ம வூட்ல மட்டும் போயிருக்குது?" என்றாய். "ஃபியூஸ் போயிருக்கும்" என்றேன். உன் அப்பா செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். இந்தக் கடிதத்தை உன் சான்றிதழ்க் கோப்புக்குள் வைத்து அனுப்புகிறேன். நேரில் சொல்லலாம்தான். சொன்னால் நீ வாதம் பண்ணுவாய், உன் வாதம் சரியாகவும் இருக்கும், நான் பாதியிலேயே அழுதுவிடுவேன். ரேடியோவில் பேச உரிமம் வாங்கி மூன்று வாரம் ஆன சந்தோஷத்தில் இருக்கிறாய். போகிற இடமோ கட்ச். காற்றாலை வேலை, உப்புத் தரை, நாட்டு எல்லைக்குப் பக்கம். அங்கே ஆன்டெனா கட்டலாமா என்று கம்பெனியில் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டாய். அந்தச் செய்தியை நீ சிரித்துக்கொண்டே சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா எதற்கும் பயப்படாதவள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைக்கவிட்டது என் தப்பு. நீ கோயம்புத்தூர் விடுதியில் இருந்த வருஷம் இங்கே ஒன்று நடந்தது. வெள்ளம் வந்தது தெரியும், லூர்து அக்கா போனது தெரியும். மீதியை உனக்கு நாங்கள் சொல்லவில்லை.

நான் ரேடியோவுக்கு வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். சேதராப்பட்டில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் வைக்கிற வேலையில் இருந்தபோது எங்கள் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்து, ஆறு பெண்கள் ஹாம் ரேடியோ உரிமத்துக்குப் பரீட்சை எழுதினோம். நான் ஒருத்திதான் தேறினேன். அபிஷேகப்பாக்கத்தில் நம் வீட்டு மொட்டை மாடியில் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினபோது, தெருவில் எல்லாரும் கேபிள் டிவிக்கு என்றுதான் நினைத்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு, மலைமேல் இருக்கிற ரிப்பீட்டர் வழியாக ஒரு முப்பது பேர் சேர்ந்து பேசுவோம். அந்த ரிப்பீட்டர் நம் குரலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும். அதில் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். சம்பத் அண்ணன். அங்கே இருக்கிற ஓர் அணையில் எலக்ட்ரீஷியன். பதினோரு வருஷம் தினமும் பேசியிருக்கிறோம், ஒரு தடவைகூட முகம் பார்த்ததில்லை. குரலை வைத்து நல்ல குண்டான ஆள் என்று நான் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். "இன்னா தங்கச்சி, நாஷ்டா ஆச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் மகளுக்குக் கல்யாணம் ஆனது, அவருக்குச் சர்க்கரை வந்தது, உன் பிளஸ் டூ மார்க்கு, எல்லாம் அந்தக் காற்றில்தான் போய் வந்தது.

யாராவது கட்சி, சாதி, சாமி என்று ஆரம்பித்தால் சம்பத் அண்ணன் சண்டை போட மாட்டார். "ஆன்டெனா எத்தினி அடி ஒசரத்துல வெச்சிருக்கீங்க?" என்று நடுவில் கேட்பார். எல்லாரும் சிரித்துவிடுவார்கள், பேச்சு மாறிவிடும். ஒருநாள் நான் அவரிடம், "ஏங்கண்ணா, நாம இன்னா ஊமையா, கருத்தே இல்லையா நமக்கு?" என்று கேட்டேன். "கருத்து இருக்குது தங்கச்சி. எதிரே உக்காந்திருக்கறவன் மூஞ்சி தெரிஞ்சா சொல்லலாம். இங்க யார் கேக்கறாங்கன்னே தெரியாதே" என்றார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பயந்த மனிதர், அரசாங்க வேலை, அதனால் அப்படிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மூன்று நாள் விடாத மழை. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் செத்துவிட்டன. அப்பா தவளக்குப்பத்தில் தன் பஞ்சர் கடையிலிருந்து ஒரு லாரி பேட்டரியைக் கொண்டுவந்து எனக்கு இணைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். சம்பத் அண்ணன், உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை. "தங்கச்சி, உங்க தெரு ஆளுங்கள மேட்டுக்கு ஏத்து. இப்பவே. ஏன்னு கேக்காத" என்றார். நான் கேட்கவில்லை. பதினோரு வருஷம் கேட்ட குரல் அது. அவர் எங்கே வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும், எதைத் திறக்கப் போகிறார்கள் என்று புரிந்துவிட்டது. மேலிடத்திலிருந்து அறிவிப்பு வருவதற்கு முன்னால், தன் வாயால் எதையும் சொல்லாமல் எனக்குச் சொல்லிவிட்டார்.

நானும் அப்பாவும் வீடு வீடாகப் போனோம். கீழ்த்தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. எல்லாரும் கேட்டது ஒன்றுதான், "ஏன், இன்னாத்துக்கு?" நான் யாரிடமும் அணை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி வருதாம், ஏறுங்க" என்று மட்டும் சொன்னேன். எதிர்வீட்டு லூர்து அக்காவும் வந்தாள். இரண்டு மணி ஆயிற்று, மூன்று மணி ஆயிற்று, தண்ணீர் வரவில்லை. மழைகூடக் கொஞ்சம் விட்டது. அக்கா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஆடு நாலும் கட்டிக் கெடக்குதுடி. அவுத்து வுட்டுட்டு வந்துடறேன்" என்றாள். "வேணாங்கா, இரு" என்றேன். "எதுக்குடி வேணாம்? சொல்லேன்" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தம்பி. எங்களுக்கு நடுவில் மைக் இல்லை, ரிப்பீட்டர் இல்லை. காதோடு சொல்லியிருக்கலாம். "யாரோ சொன்னாங்கக்கா" என்றேன். "யாரோ சொன்னாங்களாம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அரைமணி நேரத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. அவளை இரண்டு நாள் கழித்துப் பாகூர் ஏரிப் பக்கம் கண்டெடுத்தார்கள். ஆடுகள் பிழைத்துக்கொண்டன. அவள் அவிழ்த்து விட்டிருந்தாள்.

எட்டாவது நாள் ரேடியோவில் காலைக் கூட்டம் மறுபடி கூடியது. எல்லாரும் நலம் விசாரித்தார்கள். அப்போது புதிதாக ஒரு இளைஞன் குரல் வந்தது. "அணையத் திறந்தது வேணும்னே செஞ்சது. அவங்க ஊரக் காப்பாத்த நம்ம ஊர முழுவ வெச்சாங்க" என்றான். இன்னொருவர் அவனை மறுத்தார். கூட்டத்தை நடத்துகிறவர், "இந்தப் பேச்சு நமக்கு வேணாம், அடுத்த ஸ்டேஷன் வாங்க" என்றார். அடுத்தது நான். என் முன்னால் ஜன்னல் திறந்திருந்தது. எதிரே லூர்து அக்கா வீட்டு வாசலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அன்றைக்கு நான் மைக்கை அழுத்திப் பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. "அந்தத் தம்பி சொல்றது சரி. அவங்களுக்கு மத்தியானமே தெரியும். அந்த அணையிலயே வேல செய்யற நம்ம ஆளு எங்கிட்ட சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சது ஊருக்கு ஏன் தெரியல? இதுக்கு யார் பதில் சொல்லுவாங்க?" பேசி முடித்து, பழக்கத்தில் என் அழைப்புக்குறியையும் சொன்னேன். கூட்டத்தை நடத்தியவர் இரண்டு தடவை மைக்கை அழுத்தி அழுத்தி விட்டார், வார்த்தை வரவில்லை. சம்பத் அண்ணன் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஆரம்பத்தில் பெயர் கொடுத்திருந்தார்.

நான் சொன்னது நிஜம். நிஜம் சொன்னால் என்ன பயம் என்று நீ கேட்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரோ அதைப் போனில் பதிவு பண்ணியிருந்தார்கள். மூன்றாம் நாள் உன் அப்பாவின் கடைக்கு டயர் மாற்ற வந்த ஆள் தன் போனில் என் குரலை அவருக்கே போட்டுக் காட்டினானாம். பின்னணியில் பாட்டு சேர்த்திருந்தார்கள். கடைசிக் கேள்வியை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டிருந்தார்கள். அழைப்புக்குறியை நெட்டில் தட்டிப் பார்த்தால் பெயரும் ஊரும் வந்துவிடும் அல்லவா, வந்துவிட்டார்கள். ஒருநாள் ஒரு கட்சிக்காரர்கள் வந்து, சாலை மறியலில் மேடையேறி அதையே பேச வேண்டும் என்றார்கள். மறுநாள் வேறு இரண்டு பேர் வந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒருவன் மாடியைப் பார்த்து, "அதான் அந்தக் கம்பியா?" என்றான். இன்னொருவன், "பையன் கோயம்புத்தூர்ல படிக்கறானாமே" என்றான். அவ்வளவுதான், போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒரு மாதம், தினமும் மூன்று வேளை உனக்குப் போன் பண்ணி "சாப்பிட்டியா" என்று கேட்டேனே, நீகூட எரிச்சல்பட்டாயே. சாப்பாட்டுக்காகக் கேட்கவில்லை, தம்பி. நீ போனை எடுக்கிறாயா என்று பார்த்தேன்.

எனக்கு அதோடு போயிற்று. சம்பத் அண்ணனுக்குப் போகவில்லை. அந்த அணையில் அழைப்புக்குறி வைத்திருந்தது அவர் ஒருவர்தான். நான் பெயர் சொல்லவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன், பெயர் சொல்லவே தேவையில்லாமல் இருந்தது. அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை போட்டார்கள். அவர் ஊர்க்காரர்கள் அவரைத் துரோகி என்றார்கள், நம் பக்கத்து ஆட்கள் திறந்தவனே அவன்தான் என்று எழுதினார்கள். அதற்கப்புறம் காலைக் கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை. அப்பாதான், "வா, நேர்ல போயி கால்ல வுழுந்துட்டு வரலாம்" என்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

கதவைத் திறந்தது அவர் சம்சாரம். "யாருங்க?" என்றார். நான் வாயைத் திறந்து, "அண்ணன் இருக்காரா?" என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது. பதினோரு வருஷமாக அவர் சமையலறையில் கேட்ட குரல். "நீங்கதானா" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதைதான் என்னை அதிகமாக அடித்தது. சம்பத் அண்ணன் பின்கட்டிலிருந்து வந்தார். நான் நினைத்த மாதிரி குண்டாக இல்லை. ஒல்லி, சட்டை தொங்கியது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். நான் அழுதுகொண்டே, "அண்ணா, லூர்து அக்கா செத்துப்போன ஆத்திரத்துல…" என்றேன். "தெரியுது தங்கச்சி" என்றார். பிறகு, "ஏன்னு கேக்காதன்னு சொன்னேன். நீயும் கேக்கல. ஆனா நீயே பதில் சொல்லிட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது பார்த்தேன், மாடியில் ஆன்டெனா இல்லை, அதைத் தாங்கின குழாயில் துணிக்கொடி கட்டியிருந்தது.

விசாரணைக்கு நானாகவே போய் எழுதிக் கொடுத்தேன். அவர் அணை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மேட்டுக்குப் போகச் சொன்னார், மற்றது என் ஊகம், அவரால் எங்கள் தெருவில் இத்தனை பேர் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெருவில் பலரும் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆற்றுக்கே சம்பந்தம் இல்லாத ஓர் அலுவலகத்தில். அவர் குடும்பம் நல்லபடியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக உனக்கு எழுதமாட்டேன். போன வருஷம் மழையில் நீ இங்கேதான் இருந்தாய், ஆனால் கவனித்திருக்க மாட்டாய். இரண்டு நாள் நான் ரேடியோவை விட்டு எழுந்திருக்கவில்லை. மேல்பக்கத்து ஸ்டேஷன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நாலைந்து பேர் பதில் கொடுத்தார்கள். "அங்க மழை எப்படிங்க?" என்று கேட்டால், "பரவால்லைங்க" என்றார்கள். "ஆத்துல தண்ணி?" என்றால், "அத நாங்க பாக்கலீங்க, அறிவிப்பு வரும், கேளுங்க" என்றார்கள். ஒருவர் என் அழைப்புக்குறியைக் கேட்டதுமே அலைவரிசையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் மேல் தப்பு இல்லை, என்னிடம் எதைச் சொன்னாலும் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தடவை ஆறு நம் தெரு முனையோடு நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் சரக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்து நினைத்தது இதுதான்: அடுத்த தடவை மத்தியானம் பன்னிரண்டரைக்கு என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை. இந்தத் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் இருந்த ஒரு காதை நான் அடைத்துவிட்டேன்.

பேசாதே என்று நான் உன்னைச் சொல்லவில்லை. நிலம் போனவர்களுக்காகப் பேச வேண்டும் என்றால், கிராமக் கூட்டத்தில் எழுந்து பேசு, மனு எழுது, பெயர் போட்டுக் கையெழுத்துப் போடு, நானும் கூட வந்து போடுகிறேன். லூர்து அக்கா மாதிரி ஒருத்தி எதிரே நின்று ஏன் என்று கேட்டால், எந்த வாக்கும் பார்க்காமல் காரணத்தைச் சொல்லிவிடு. அன்றைக்கு நான் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன், மூட வேண்டிய இடத்தில் திறந்தேன். மைக் என்பது யாரென்று தெரியாத ஆயிரம் பேர் நடுவில் நிற்கிற மாதிரி. உரிமம் கொடுக்கும்போதே எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பரீட்சைக்கு அதை நெட்டுரு போட்டோம், மார்க்கு வாங்கினோம், மறந்துவிட்டோம். நீ போகிற ஊரில் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குரல்கூடத் தெளிவாகக் கேட்குமாம். அந்த ஆளும் நல்லவராகத்தான் இருப்பார், உன் வயசுப் பையனாகவே இருக்கலாம். எந்த மதம், எந்தச் சண்டை, எந்தத் தேர்தல் என்று அவர் கேட்டாலும் சரி, நம் பக்கத்து ஆளே கேட்டாலும் சரி, பொய் சொல்லாதே, சண்டையும் போடாதே. "அது இங்க வேணாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வேறு பேசு. விடாமல் கேட்டால் வணக்கம் சொல்லி மூடிவிடு. இன்னொருவர் உன்னை நம்பிச் சொன்னதை, அவர் பெயர் சொல்லாமல்கூட, காற்றில் போடாதே. உனக்குக் கோபம் வந்த நாளில் மைக்கைத் தொடாதே. நீ என் வயிற்றில் பிறந்தவன். கோபம் உனக்கு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு காலையில், கூட்டம் கலைகிற நேரத்தில், புதுக் குரல் ஒன்று என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டது. சிக்னல் மெலிசாக, இரைச்சலோடு வந்தது. புதிதாக உரிமம் வாங்கினவராம், பள்ளிக்கூட வாத்தியார். ஊர் பெயர் சொன்னார். அந்த அணையிலிருந்து இரண்டு மைல்தான். என்னைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கூப்பிட்டாரோ என்னவோ. தண்ணீரைப் பற்றிக் கேட்கலாமா, ஐப்பசியில் மழை பிடித்தால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா சார்?" என்றேன். "சாப்ட்டேன்க்கா, இட்லி" என்றார். அதிலிருந்து தினமும் காலையில் கூப்பிடுகிறேன். அவர் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார், நான் உன்னைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மழைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் அவருக்கு என்மேல் நம்பிக்கை வருமா என்று தெரியவில்லை, ஆனால் ஒரு நாளும் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.

அம்மா